பதினைந்து வருஷத்துப் பிராது

ரிட்டயர் ஆகப் போகிறவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவார்கள் என்று எவர் சொன்னாரோ, அவர் 2007ஆம் வருஷம் மே மாதம் விருத்தாசலத்துக்கு வந்து சொர்ணாம்பாள் டீச்சரைப் பார்த்திருக்க வேண்டும். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். மாசக் கடைசியோடு வேலை முடிகிறது. அவளோ கல்யாணம் நிச்சயமான பெண் மாதிரி காலண்டரைப் பார்ப்பதும் தனக்குத் தானே சிரித்துக்கொள்வதுமாக இருந்தாள்.

காரணம் ஒரு ஷெட்டு. அவள் புருஷன் கொளஞ்சிநாதன் செராமிக் எஸ்டேட்டில் சூளை ஆள். ஊறுகாய் ஜாடி, டீக்கடைக் கப்பு, ஃப்யூஸ் கட்டை என்று அவர் வேக வைக்காத சாமான் கிடையாது. எல்லாம் அடுத்தவன் சூளையில். மனுஷனுக்கு ஆசை பொம்மை மேல். சிமெண்டு மூட்டைத் தாளில் யானை வரைவார், கோழி வரைவார், தும்பிக்கையை இப்படி வளைத்தால் சூளையில் உடையாது என்று பெண்டாட்டிக்குப் பாடம் நடத்துவார். முதலாளியிடம் போய்க் காட்டினால், "கொளஞ்சி, யானையெல்லாம் கோயில்ல பாத்துக்கலாம், நீ ஃப்யூஸ் கட்டையைக் கவனி" என்று பதில் வரும். அறுபது வயசு வரைக்கும் அதே பதில்தான்.

போன மாசம்தான் வழி பிறந்தது. மங்கலம்பேட்டை பாய் ஒருவர் எஸ்டேட்டில் சின்ன ஷெட்டு ஒன்றைச் சூளையோடு வைத்திருந்தார். அவர் திரும்ப துபாய்க்குப் போகிறார். "மொத்தமா ரெண்டு லட்சம் குடுத்தா போகியத்துக்கு வுட்டுடுறேன், வாடகையே வாணாம். அஞ்சு வருசம் கழிச்சு உங்க பணம் உங்களுக்கு" என்றார். ரெண்டு லட்சத்துக்கு எங்கே போவது? வரப்போகிற கிராஜுவிட்டி முழுக்க வீட்டு லோனுக்கு என்று எப்போதோ முடிவாகிவிட்டது. சொர்ணாம்பாள் விடவில்லை. பேசிப் பேசி அவரை மாச வாடகைக்கு இறக்கினாள். "சரி டீச்சர், உங்களுக்காக. ஆனா நான் ஃப்ளைட் ஏர்றதுக்குள்ள முடிவு சொல்லிடணும்" என்று பாய் கறாராகச் சொல்லிவிட்டார்.

பென்ஷன் இவ்வளவு வரும், அரிசிக்கு இவ்வளவு, கரண்டுக்கு இவ்வளவு, ஷெட்டு வாடகைக்கு இவ்வளவு என்று சொர்ணாம்பாள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு. மீதி கூட வந்தது. அந்த மீதியில் யானைக்குப் பூசக் கலர் வாங்கலாம் என்று அவளே சொன்னபோது கொளஞ்சிநாதனுக்கு வாயெல்லாம் பல்.

பென்ஷன் ஃபாரமெல்லாம் கார்த்திகையிலேயே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் ரிட்டயர் ஆனவர் எழுதிய ஃபாரத்தின் ஜெராக்ஸ் அடுத்து ரிட்டயர் ஆகிறவர் கைக்கு வந்துவிடும். சொர்ணாம்பாளுக்கு வந்தது போன வருஷம் ரிட்டயரான அர்ச்சுனன் சாருடையது. பெயரையும் தேதியையும் மாற்றி, மற்றதை அப்படியே இறக்கி, கையெழுத்துப் போட்டு, வட்டார ஆபீஸில் கிளார்க் கோவிந்தராசுவிடம் நீட்டியாயிற்று.

மே இரண்டாம் வாரம் சென்னையிலிருந்து பென்ஷன் உத்தரவுத் தாள் வந்தது.

சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பிரித்தாள். இங்கிலீஷ். பரவாயில்லை, எண்ணுக்கு ஏது மொழி? பென்ஷன் என்று போட்டிருந்த இடத்தில் அவள் எதிர்பார்த்த தொகை அச்சுப் பிசகாமல் இருந்தது. "ஏங்க, இங்க வாங்க, வந்துடுச்சு!" என்று கத்தினாள். கொளஞ்சிநாதன் குளித்துக்கொண்டிருந்தவர் தலையில் சோப்போடு ஓடி வந்தார்.

அதற்கு அடுத்த வரியில் இன்னொரு பென்ஷன் இருந்தது. குறைத்த பிறகு மாசா மாசம் கையில் வருவது இது என்று போட்டு, ஒரு சின்னத் தொகை. சொர்ணாம்பாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். மனசுக்குள்ளேயே கழித்தாள், வகுத்தாள். சரியாக மூன்றில் ஒரு பங்கைக் காணோம்!

"அடப்பாவி" என்றாள்.

"யாரு?" என்றார் கொளஞ்சிநாதன். சோப்பு கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"வேற யாரு, அந்தக் கோவிந்தராசுதான். இன்கிரிமெண்டு போட லேட்டு பண்ணான்னு நாலு பேருக்கு முன்னாடி வெச்சு நான் அவனை வாங்கு வாங்குன்னு வாங்கலியா? அதுலேர்ந்து என் மொகத்தைப் பாக்க மாட்டான். இப்ப பாருங்க, மூணு பங்காப் பிரிச்சு ஒரு பங்கை வெட்டியிருக்கான். ஒரு ரூவா அங்க இங்க போவல. என்னா திண்ணக்கம் பாருங்க!"

தாளில் கீழே இன்னும் ரெண்டு பெரிய தொகை இருந்தது. ஒன்று கிராஜுவிட்டி, அது அவளுக்குத் தெரியும். மற்றதை யார் பார்த்தார்கள்? கோபம் வந்தால் சொர்ணாம்பாளுக்குக் கண் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரர்கள் வரைக்கும் இதை அறிவார்கள்.

கொளஞ்சிநாதன் திரும்பிக் குளிக்கப் போனார். தலையைக் கழுவித் துவட்டிக்கொண்டு வந்தார். சுவரில் ஒட்டியிருந்த சிமெண்டுத் தாள் யானையை மெதுவாகப் பிய்த்து, சுருட்டி, பரண் மேல் வைத்தார். "பாய்கிட்ட சொல்லிடலாம் சொர்ணம். அவரு வேற ஆளைப் பாக்கட்டும். நான் இன்னும் ரெண்டு வருசம் முதலாளிகிட்டயே ஓட்டிடுறேன்" என்றார். அதைச் சிரித்துக்கொண்டே வேறு சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் சொர்ணாம்பாளால் தாங்க முடியவில்லை.

"பாய்கிட்ட ஒண்ணும் சொல்ல வாணாம். நான் சொல்ற எடத்துல சொல்லிக்கிறேன்" என்று புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இந்தப் பக்கத்து ஆளுக்கு அநியாயம் நடந்தால் போலீஸ் ஸ்டேஷன் ரெண்டாம்பட்சம். முதலில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர்தான். வெள்ளைத்தாளில் பிராது எழுதுவார்கள்: நான் இன்னார், என் ஊர் இது, எனக்கு இன்ன குறை, செய்தவன் இன்னான், விசாரித்துத் தீர்ப்புச் சொல். சாமி காலடியில் வைத்து விபூதியோடு மடித்து, நூலால் கட்டி, முனியப்பர் சந்நிதியில் தொங்கவிட்டால் கேஸ் சாமி கைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். வீட்டிலிருந்து கோயில் எவ்வளவு தூரம் என்று பார்த்துக் கட்டணம். குறை தீர்ந்ததும் மறக்காமல் வந்து பிராதை வாபஸ் வாங்கிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை. கூட்டம் நெரிந்தது. சொர்ணாம்பாள் ஒரு தூணோரம் உட்கார்ந்து, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி மணி மணியாக எழுதினாள். "என் பென்ஷனில் குறைத்த பணம் எனக்குத் திரும்பி வர வேண்டும். குறைத்தவன் வட்டார ஆபீஸ் கோவிந்தராசு. அவனை நீயே கேள்." அவன் இவன் என்று எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். சாமியிடம் என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கூட வேலை பார்க்கும் விமலாராணி டீச்சர் எதிரே வந்தாள். "விசயம் தெரியுமா டீச்சர்? நம்ம கிளார்க் கோவிந்தராசு டி.வி.எஸ்.ஸுலேர்ந்து விழுந்து கால்ல மாவுக்கட்டு. ஒன்றரை மாசம் எழுந்திருக்கக் கூடாதாம்."

சொர்ணாம்பாள் கையிலிருந்த கத்தரிக்காய் தராசைத் தாண்டி விழுந்தது. வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஏங்க! சாமி கேட்டுடுச்சுங்க!"

"என்னா கேட்டுச்சு?"

"கோவிந்தராசு கால் போச்சு!"

கொளஞ்சிநாதனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "நம்ம சாமி சும்மாவா! என் பேரு வெச்சிருக்கிற சாமியாச்சே!" என்று மீசையைத் தடவிக்கொண்டார். பேர் வைத்தது சாமிக்கு இல்லை, சாமி பேரைத்தான் இவருக்கு வைத்தது என்று திருத்துகிற நிலைமையில் சொர்ணாம்பாள் இல்லை. அவளுக்கு ஒரு பக்கம் குதூகலம், இன்னொரு பக்கம் உறுத்தல். காலை எடுக்கவா சொன்னோம்? கேள் என்றுதானே எழுதினோம்?

அன்று சாயங்காலம் அர்ச்சுனன் சார் வந்தார். அதே ஜெராக்ஸ் அர்ச்சுனன் சார்தான். வீட்டுக்கு மாடி எடுத்து முடித்துவிட்டு, கிரகப்பிரவேசப் பத்திரிகை கொடுக்க வந்திருந்தார். காபியை வாங்கிக்கொண்டு, "என்னா டீச்சர், சென்னையிலேர்ந்து தாள் வந்துடுச்சாமே, எல்லாம் சரியா இருக்குதா?" என்றார்.

கேட்டதுதான் தாமதம், சொர்ணாம்பாள் கொட்டித் தீர்த்தாள். தாளை அவர் மடியில் போட்டாள். "நீங்களே பாருங்க சார் இந்த அக்கிரமத்தை."

அர்ச்சுனன் சார் பார்த்தார். பார்த்தவர் காபியை ஓரமாக வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கிற வழியாக இல்லை.

"டீச்சர், இதை வெட்டுனது கோவிந்தராசு இல்ல. நீங்கதான்."

"நானா!"

"இது கம்யூட்டேஷன் டீச்சர். பென்ஷன்ல மூணுல ஒரு பங்கை கெவருமெண்டுக்கு முன்கூட்டியே வித்துடுறது. அதுக்கு மொத்தமா பணம் குடுத்துடுவாங்க. நான் மாடி எடுக்கணும்னு எழுதிக் குடுத்தேன். நீங்க என் ஃபாரத்தைப் பாத்துதானே எழுதுனீங்க? அதையும் சேத்து எழுதியிருக்கீங்க!"

சொர்ணாம்பாள் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய பிள்ளைகளை எத்தனை தடவை வெளியே நிற்க வைத்திருக்கிறாள்! ஒருமுறை ஒரு பயல் பக்கத்துப் பையனின் பெயரையும் சேர்த்துக் காப்பியடித்து வைத்தான். அவனை வகுப்பு வகுப்பாக அழைத்துப் போய்க் காட்டினாளே, அந்தப் பயல் இப்போது எங்கிருந்தாலும் வந்து பார்க்கட்டும்.

"மொத்தமான்னா எவ்ளோ சார்?" என்றார் கொளஞ்சிநாதன். அவருக்குக் காப்பியடித்ததைப் பற்றியெல்லாம் கவலை இல்லை.

"இதோ போட்டிருக்கே. ரெண்டே கால் லட்சம் சொச்சம். கிராஜுவிட்டி தனி, அது இந்த மேல் வரி. இன்னொண்ணும் சொல்றேன், பஞ்சப்படி குறைச்ச தொகைக்கு இல்ல, முழு பென்ஷனுக்கே கணக்குப் பண்ணித் தருவாங்க. அதனால மாசம் நீங்க நெனைக்கிற அளவுக்குக் குறையாது."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரெண்டு லட்சம். போகியம். வாடகையே கிடையாது! மாச வாடகை என்ற ஒன்றே கணக்கிலிருந்து எகிறிப் போய்விட்டால், குறைந்த பென்ஷனிலும் சோறு தின்னலாம், கரண்டு கட்டலாம், யானைக்குக் கலர் என்ன, அம்பாரியே கட்டலாம்.

கொளஞ்சிநாதன் ஒரே தாவில் ஸ்டூல் மேல் ஏறினார். பரணிலிருந்து யானை இறங்கி வந்தது. சொர்ணாம்பாள் செல்போனை எடுத்துப் பாய்க்குப் போட்டாள். அவசரத்தில் ரெண்டு தடவை ராங் நம்பர். "பாய், போகியமாவே வெச்சுக்குவோம்! பணம் வந்த அன்னைக்கே உங்க வூட்டுல வெச்சு எண்ணித் தர்றேன்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். பாய் அந்தப் பக்கம், "அல்ஹம்துலில்லாஹ், மொதல்ல ஃபோனைக் கொஞ்சம் தள்ளி வெச்சுப் பேசுங்க டீச்சர், காது போவுது" என்றது அர்ச்சுனன் சாருக்கே கேட்டது. சந்தோஷத்தில் சொர்ணாம்பாள் அவருக்கு இரண்டாவது காபி போட்டுவிட்டாள், முதல் காபி ஆறிப்போய் அங்கேயே இருந்தது.

டம்ளரைக் கையில் கொடுக்கிறபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஐயையோ. கோவிந்தராசு!"

மறுநாள் விடிந்ததும் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று, சாத்துக்குடி ஒரு பை. ரெண்டு பேரும் கோவிந்தராசு வீட்டு வாசலில் நின்றார்கள். அவர் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டைப் பார்த்ததும் சொர்ணாம்பாள் பார்வையைச் சாத்துக்குடிப் பைக்குத் திருப்பிக்கொண்டாள்.

"வாங்க டீச்சர், வாங்க சார்! உங்களுக்கு தாள் வந்துடுச்சுல்ல? இந்த வருசம் ரிட்டயர் ஆவறவங்கள்ல உங்க ஃபைலைத்தான் மொதல்ல அனுப்பி வெச்சேன். அன்னைக்கு நீங்க திட்டுனது நியாயம்தானே, லேட்டு பண்ணது எங்க ஆபீஸு. அதுலேர்ந்து உங்களை நேருக்கு நேரா பாக்கவே கூச்சமா போயிடுச்சு" என்றார் அவர்.

சொர்ணாம்பாளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். காப்பியடித்தது, மூன்றில் ஒரு பங்கு, பிராது, அவன் இவன் என்று எழுதியது வரைக்கும். சொல்லி முடிக்கும்போது அழுதே விட்டாள்.

"பிராதா!" கோவிந்தராசு கட்டிலில் எழுந்து நிற்கப் பார்த்தார். "என் மேலயா! கொளஞ்சியப்பர்கிட்டயா! என்னைக்குக் கட்டுனீங்க?"

"வெள்ளிக்கெழம."

அவர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். பிறகு பெருமூச்சு விட்டார். "நான் விழுந்தது வியாழக்கெழம டீச்சர். நாய் குறுக்க வந்துச்சு. சாமிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல." எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. அவர் மட்டும் பாதியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "இருந்தாலும் அதை இன்னைக்கே வாபஸ் வாங்கிடுங்க. எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்குது, இன்னொரு காலும் இருக்குது."

கிளம்புகிற நேரம் அவரே கூப்பிட்டுச் சொன்னார். "டீச்சர், வெட்டுன பங்கு ஒரேயடியா போயிட்டதா நெனச்சுக்காதீங்க. பதினஞ்சு வருசம் ஆனா, பழையபடி முழு பென்ஷனும் திரும்ப வந்துடும். நீங்க எழுதிக் குடுத்தா போதும்."

"பதினஞ்சு வருசமா? அப்ப எனக்கு எழுபத்து மூணு" என்றாள் சொர்ணாம்பாள்.

"எனக்கு எழுபத்தஞ்சு" என்றார் கொளஞ்சிநாதன். கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். சூளையில் வேலை பார்த்தவர்கள் எழுபத்தைந்து வரைக்கும் போவது எஸ்டேட்டில் அபூர்வம். மண் தூசி நெஞ்சில் இறங்கிவிடும். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், ரெண்டு பேரும் அதை வீட்டில் பேசுவதில்லை.

கோயிலில் அன்று கூட்டம் இல்லை. பிராது வாங்கி வைக்கிறவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வெள்ளிக்கெழம கட்டிட்டு செவ்வாக்கெழமயே வந்துட்டீங்களா? கொறை தீந்துடுச்சா?"

"பாதி தீந்துடுச்சுங்க. அந்த ஆளு மேல தப்பு இல்ல. அவரு பேரை எடுத்துடணும்" என்றாள் சொர்ணாம்பாள். இம்முறை 'அவரு' என்று அழுத்திச் சொன்னாள்.

"அப்ப வாபஸ்தானே?"

அவள் புருஷனைப் பார்த்தாள். கொளஞ்சிநாதன் சந்நிதியில் கும்பிட்டுக்கொண்டு நின்றார். மடித்து மடித்துக் கட்டியிருந்த ஊரார் பிராதுகளையெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் சிமெண்டுத் தாள் யானையின் ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. சாமியிடம் காட்டக் கொண்டு வந்திருக்கிறார் போல.

"பழசை வாபஸ் வாங்கிக்கிறேங்க. எனக்கு ஒரு புதுத் தாள் குடுங்க" என்றாள்.

அதே தூணோரம் போய் உட்கார்ந்தாள். இந்தத் தடவை யாரையும் பார்த்து எழுத வேண்டியிருக்கவில்லை. "கொளஞ்சியப்பா, என் பென்ஷனில் குறைத்த பங்கு பதினைந்து வருஷம் கழித்துத் திரும்பி வரும் என்கிறார்கள். எதிரி யாரும் இல்லை. அந்தப் பணம் வந்த அன்று நானே நேரில் வந்து இந்தப் பிராதை வாபஸ் வாங்குவேன். அதுவரைக்கும் கேஸ் முடியக் கூடாது."

கொளஞ்சிநாதன் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தார். ரெண்டு தடவை படித்தார். பிராது வாங்குகிறவர் உட்பட யாரும் அவசரப்படுத்தவில்லை.

"'நானே'ன்னு போட்டிருக்கியே" என்றார் மெதுவாக. "நான் எங்க போவேன்?"

சொர்ணாம்பாள் பேனாவைத் திறந்தாள். 'நானே' என்பதை அடித்து, அதற்கு மேலே 'நானும் என் வீட்டுக்காரர் கொளஞ்சிநாதனும்' என்று எழுதினாள். கண்ணில் நீர் முட்டியதில் கையெழுத்து கொஞ்சம் கோணிவிட்டது. கணக்கு டீச்சரின் கையெழுத்து அப்படிக் கோணி யாரும் பார்த்ததில்லை.

"எவ்ளோ கட்டணுங்க?" என்று கேட்டார் கொளஞ்சிநாதன், மடியை அவிழ்த்தபடி.

"தூரத்துக்குத்தான் கட்டணம். வருசத்துக்கெல்லாம் இல்ல" என்றார் அவர், தாளை மடித்து நூல் சுற்றிக்கொண்டே.